பன்னிரண்டு செகண்ட் குப்புராஜ்

பீர்க்கன்கரணை குப்புராஜின் டெம்போவை முந்தாத வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மூன்று சக்கர டெம்போ அது. பஸ் முந்தும், லாரி முந்தும், மூன்று பேர் தொற்றிக்கொண்டு போகும் ஸ்கூட்டரும் முந்தும். முந்துகிறவன் சும்மா போக மாட்டான், திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவான். குப்புராஜ் கோபப்பட மாட்டார். கையை வெளியே நீட்டி, "போ ராஜா, போ" என்று வழிவிடுவார்.

நான் சுப்பராயலு. கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுத்தவன். பிறத்தியாருடைய பொய்களை முப்பது வருஷம் கார்பன் வைத்து மூன்று காப்பி எடுத்தவனுக்கு மனிதர்கள் மேல் என்ன பெரிய மரியாதை இருக்கும்? எனக்கு இல்லை. அப்படிப்பட்ட என்னைக் கடுப்பேற்றிய ஒரே கட்சிக்காரர் குப்புராஜ். அவர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

அவருடைய மெதுவுக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது. கல்யாணச் சீரில் ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ இருந்தால், அதை ஏற்ற குப்புராஜ்தான் வரவேண்டும். முட்டை மொத்த வியாபாரி அவரைத் தவிர யாரையும் கூப்பிட மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, மாசமாக இருக்கும் பெண்கள். டெம்போவில் பாய் விரித்து, அதன் மேல் மெத்தை போட்டு, அவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றிக்கொண்டு தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார். "குப்புராசு வண்டில போனா வயித்துல கீற கொயந்த முழிச்சிக்கூட பாக்காது" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். மற்றவர்கள் வண்டிக்குப் பின்னால் சாமி பெயர் எழுதும்போது, அவர் 'நாற்பதுக்கு மேல் இல்லை' என்று எழுதி வைத்திருந்தார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "அதுக்கு மேல அது போவாது சார். அதான் நம்ம கொள்கைன்னு எழுதிட்டேன்" என்றார்.

எண்பத்தாறாம் வருஷம் ஏரிக்கரைப் பக்கம் வேகமாக வரும் வண்டிகளைப் போலீஸ் பிடிக்க ஆரம்பித்தது. அந்த இடத்தில் நாற்பது என்று போர்டு போட்டிருந்தார்கள். ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே, இருநூறு மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று நம்பர் போட்ட சின்னக் கற்கள் நட்டிருக்கும் அல்லவா? வண்டி நாலாம் நம்பர் கல்லைத் தாண்டும்போது அங்கே நிற்கும் கான்ஸ்டபிள் கைக்குட்டையை ஆட்டுவார். ஆறாம் நம்பர் கல்லருகே புளியமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஏட்டு தனசிங் ஸ்டாப்வாட்சை அமுக்குவார். வண்டி தன்னைத் தாண்டும்போது மறுபடி அமுக்குவார். இருநூறு மீட்டருக்குப் பதினெட்டு செகண்ட் ஆனால் வேகம் நாற்பது. அதற்குக் குறைந்தால் கேஸ்.

தனசிங் நாகர்கோவில்காரர். டீயைக்கூடக் காசு கொடுத்துத்தான் குடிப்பார். அப்படிப்பட்ட போலீஸ்காரரிடம் பேசி என்ன ஆகப்போகிறது? ஊருக்கே பேஜாராகிவிட்டது. கேஸ்கள் மளமளவென்று விழுந்தன. சோடா பாட்டில் கிரேட்டுகளைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் போன அப்பாதுரைக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மொபெட்டை மேட்டில் ஏற்ற அப்பாதுரை இறங்கித் தள்ளுவதை ஊரே பார்த்திருக்கிறது. அவன் ஃபைனைச் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு, அன்று சாயங்காலம் மொபெட்டைக் கழுவிப் பொட்டு வைத்தானாம்.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பம்மலில் லோடு ஏற்ற நேரமாகிவிட்டதென்று குப்புராஜ் காலியான டெம்போவை அமுக்கிப் பிடித்து ஓட்டிக்கொண்டு வந்தார். புளியமரத்தடியில் தனசிங் கை காட்டினார். வண்டியை நிறுத்திய குப்புராஜ், "தாம்பரம் போவணுமா ஏட்டையா? ஏறிக்கங்க" என்றார்.

"ஏறவா? பன்னிரண்டு செகண்டு வே! அறுபது கிலோமீட்டரு! நாப்பது போட்ட ரோட்டுல அறுபதுல வாறீரு!"

குப்புராஜ் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை.

"யாரு, நானா?"

"வண்டிக்குப் பின்னால நீரே எழுதி வச்சிருக்கீரு. அதையாவது ஒரு தடவை படிச்சிட்டு ஓட்டும்" என்று சொல்லி தனசிங் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் குப்புராஜுக்கு உள்ளூரக் குஷி. மத்தியானம் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மனைவி கன்னியம்மா கேட்டாள்.

"இன்னாயா, கல்யாண பத்திரிக்க மாதிரி பாத்துகினு கீறே?"

"அறுபது, கன்னியம்மா. நம்ம வண்டி."

"என்னை கட்ன நாள்லேந்து ஒரு சினிமாவுக்காவது பேர் போட சொல்லோ கொண்டும்போய் உட்டிருக்கியா? பாதி கதைல தான்யா நுழைஞ்சிருக்கோம். அறுபதாம்!"

டெம்போ ஸ்டாண்டில் மாலை போட்டார்கள். "மச்சான், இத்தினி நாளா ஏமாத்திகினு இருந்தியா நீ!" என்று முதுகில் தட்டினார்கள். வாழ்நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டே வழிவிட்டவருக்கு அது இனித்திருக்காதா? இனித்தது. மறுநாள் காலை கங்கம்மா வந்து வாசலில் நிற்கிற வரைக்கும் இனித்தது.

கங்கம்மா மார்க்கெட்டில் கருவாடு விற்பவள். அவள் மகள் செல்லம்மா பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். ஒன்பதாம் மாசம். அதற்கு முன்னால் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போனது. அதனால் இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் குப்புராஜ் வண்டி மட்டும்தான் என்று கங்கம்மா வைத்திருந்தாள்.

"அறுபதுல போனியாமே குப்புராசு?"

"அக்கா, சத்தியமா..."

"கெவுருமெண்டு கடியாரம் பொய்யா சொல்லுது? எம்பொண்ணு ரெண்டு தபா பறிகுடுத்துட்டு கீறா. உன்ன நம்பிதானே ஏத்தி வுட்டேன்? யாரும் பாக்காத எடத்துல நீ இப்டித்தான் ஓட்டுவியா? இனிமே வராத."

அவள் சொன்னது மார்க்கெட் முழுக்கப் பரவியது. முட்டை வியாபாரி வேறு ஆள் பார்த்துக்கொண்டார். பீரோக்காரர்கள் வரவில்லை. எட்டு மாசமான ஒரு பெண் இவர் வண்டியைக் கண்டு ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றாளாம். வேகமாக ஓட்ட ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவரிடம் இருந்த சரக்கு மெதுவு ஒன்றுதான்.

அப்புறம்தான் என்னிடம் வந்தார்.

"ஃபைன் கட்டினா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும் சார். ஆனா கட்டினா அறுபதுல போனேன்னு ஆயிடும். எனக்கு என் பேரு திரும்ப வரணும்."

'மேற்படி ஓட்டை வண்டி மேற்படி வேகத்தில் செல்லும் யோக்யதை உடையதல்ல' என்று அடித்தேன். 'ஓட்டை' என்ற வார்த்தையை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வண்டியை ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். மாஜிஸ்திரேட் மனுவைப் படித்துவிட்டு, "தன் வண்டியைத் தானே கேவலப்படுத்துகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். ஏட்டு தனசிங் அதே வண்டியில் ஏறி, அதே இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் நானும் ஏரிக்கரைக்குப் போய் வேடிக்கை பார்த்தேன். டெம்போவில் மீட்டர் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஆகவே மறுபடியும் ஸ்டாப்வாட்ச்தான். அதை வேறொரு கான்ஸ்டபிள் மரத்தடியில் பிடித்துக்கொள்ள, தனசிங் குப்புராஜுக்குப் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார். முதல் ஓட்டத்தில் டெம்போ சாமி ஊர்வலமாக நகர்ந்தது.

"மிதியும் வே!"

"மிதிச்சிட்டேன் ஏட்டையா."

"காலை நான் பாக்கேன்லா. நல்லா மிதியும்!"

மிதித்தார். பன்னிரண்டு செகண்ட். இன்னொரு தடவை ஓட்டினார்கள். பன்னிரண்டு. மூன்றாவது தடவை, பாதி வழியில் சோடா அப்பாதுரை மொபெட்டில் பக்கத்தில் வந்து, தனசிங்குக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, முந்திக்கொண்டு போனான். அப்போதும் பன்னிரண்டு.

"நாம அறுபதுல போறோம்னா, அவன் எதுலவே போறான்?" என்று தனசிங் வாய்விட்டுக் கேட்டார். ஆனாலும் மனுஷர் கடிகாரம் சொன்னதைத்தான் எழுதினார். மூன்று தடவையும் அறுபது.

ஒரு தடவை போனதைப் பொய் என்று சொல்லப்போய், நாலு தடவை போனதாக நாங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்திருக்கிறோம். குப்புராஜைத் திட்டலாமென்று திரும்பினேன். அவர் ஆறாம் நம்பர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"சார், அந்த கல்ல அங்க நட்டது நான்தான்."

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அவர் டெம்போவுக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. கம்பி அறுந்து பல வருஷமாகிவிட்டது. எங்கே நிறுத்தினாலும் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க, காலடியில் ஒரு கருங்கல் வைத்திருப்பார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தக் கல்லைப் பம்மலிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார். வண்டியில் கண்ணாடி பீரோ, பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் அத்தை. ஏரிக்கரைச் சரிவில் அத்தைக்கு வாந்தி வந்துவிட்டது. வண்டியை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் உருளும். டெலிபோன்காரர்கள் பள்ளம் தோண்டி வைத்ததில், ஆறாம் நம்பர் கல் தானாகவே ஆடிக்கொண்டு நின்றது. பிடுங்கிச் சக்கரத்தில் வைத்தார். அத்தை முகம் கழுவி ஏறியதும் கல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அரசாங்கச் சொத்து என்று அவருக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. திரும்ப நடலாமென்று போனால், பழைய இடத்தில் பள்ளத்தை மூடி ஜல்லி கொட்டியிருந்தார்கள். கடப்பாரை இறங்கவில்லை. நாலாம் நம்பர் கல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் மண் இளக்கமாக இருந்தது. அங்கே நட்டுவிட்டார். செய்வதைத் திருந்தச் செய்யலாமென்று, பொங்கலுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சுண்ணாம்பை அடித்து, நம்பரையும் கறுப்பு மையால் புதுசாக எழுதினார். அந்த ரோட்டிலேயே பளிச்சென்று நின்ற கல் அதுதான். தனசிங் வேகம் பிடிக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே, நம்பர் தெளிவாக இருந்ததாலும் நிழல் இருந்ததாலும்தான்.

நாலாம் நம்பர் கல்லிலிருந்து நான் காலால் எண்ணிக்கொண்டு நடந்து பார்த்தேன். இருநூறு மீட்டருக்கு ஏறக்குறைய தொண்ணூறு தப்படி குறைந்தது. நாலு மாசமாக அந்த வழியாகப் போன அத்தனை வண்டிகளையும் குப்புராஜ் ஒற்றை ஆளாக வேகமாக ஓடவைத்திருக்கிறார்.

"வாயை மூடிக்கொண்டு ஃபைனைக் கட்டிவிட்டுப் போங்கள்" என்றேன். "கல்லைப் பிடுங்கினேன் என்றால் அது ஒரு கேஸ். பிரேக் இல்லாமல் ஓட்டினேன் என்றால் இன்னொரு கேஸ். வண்டியையே நிறுத்திவிடுவார்கள்."

"அப்ப கங்கம்மா?"

"கங்கம்மாவுக்கு ஊரில் வேறு வண்டியா இல்லை?"

"என் கல்லால இத்தினி பேரு ஃபைன் கட்டிகினு கீறாங்களே சார்!"

அந்த இத்தனை பேரில் பாதிப் பேருக்கு மனு அடித்துக் கொடுப்பது நான்தான் என்பதையும், நாலு மாசமாக எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் மீன் குழம்பு என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

கோர்ட்டில் தனசிங் மூன்று அறுபதையும் படித்தார். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இல்லை என்று சொல்லுமாறு நான் வாசலிலிருந்து தலையை ஆட்டினேன். குப்புராஜ் என்னைப் பார்த்தார், கும்பிட்டார், திரும்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கண்ணாடி பீரோ, அத்தை, வாந்தி, சுண்ணாம்பு, ஒன்றும் பாக்கியில்லை.

கோர்ட் முழுக்கச் சிரிப்பு. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"பேசாமல் ஃபைன் கட்டியிருந்தால் போயிருக்கலாமே. இப்போது ஏன் சொல்கிறீர்கள்?"

"ஐயா, புள்ளத்தாச்சி பொண்ணுங்க என்ன நம்பி ஏறுதுங்க. நான் அறுபதுல போனேன்னு அதுங்க நெனைக்கக் கூடாது. அவ்ளோதான்."

ஹைவேஸ்காரர்கள் டேப் பிடித்து அளந்தார்கள். இரண்டு கல்லுக்கும் நடுவே நூற்று முப்பது மீட்டர். மாஜிஸ்திரேட் தானே பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்து, "முப்பத்தொன்பது கிலோமீட்டர்" என்று இரண்டு தடவை படித்தார். வேகக் கேஸ் தள்ளுபடி. முடியாமல் இருந்த மற்ற வேகக் கேஸ்களும் தள்ளுபடி. கல்லுக்கு ஒரு ஃபைன், பிரேக்குக்கு ஒரு ஃபைன். ஹேண்ட் பிரேக் மாட்டிக் காட்டுகிற வரைக்கும் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது.

வெளியே வந்ததும் தனசிங் குப்புராஜை நோக்கி நடந்து வந்தார். அறை விழப்போகிறது என்று நான் இரண்டடி பின்னால் போனேன்.

"நாலு மாசம் அந்தக் கல்லுகிட்ட உக்காந்து சோறு தின்னுருக்கேன் வே. ஒரு நாளாவது அளந்து பாக்கணும்னு எனக்குத் தோணலியே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குப்புராஜ் பேர் திரும்பி வந்துவிட்ட சந்தோஷத்தில் படியிறங்கினார். கீழே கங்கம்மா நின்றிருந்தாள். தீர்ப்பைக் கேட்கக் கருவாட்டுக் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அக்கா, கேட்டீங்களா? முப்பத்தொம்போது!"

"கேட்டேன். பிரேக்கு இல்லாம, சக்கரத்துக்கு கல்லு வச்சா எம்பொண்ண ஏத்திகினு போயிகினு இருந்தே? அட பாவி!" அதற்கு மேல் அவள் சொன்னதை எந்த டைப்ரைட்டராலும் அடிக்க முடியாது. குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஒரு பேரைக் காப்பாற்றப்போய், இருந்த இன்னொன்றும் போனது.

ஒரு சனிக்கிழமை பிரேக் மாட்டினார்கள். திங்கட்கிழமை காலை செல்லம்மாவுக்கு வலி கண்டது. இனி வருவதை நான் நேரில் பார்க்கவில்லை. குப்புராஜும் கங்கம்மாவும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. என் தொழிலில் அது அபூர்வம்.

ஸ்டாண்டில் இரண்டு டாக்ஸி சும்மா நின்றன. கங்கம்மா அவற்றைத் தாண்டிக்கொண்டு வந்து குப்புராஜ் வீட்டுக் கதவைத் தட்டினாள். குப்புராஜுக்கே பயமாகிவிட்டது.

"டாக்சில போங்க அக்கா. சீக்கிரம் போயிடலாம்."

"உன்ன யோசன கேட்டனா? அதான் பிரேக்கு மாட்டிட்டியே, மெத்தைய போடு."

மெத்தையைப் போட்டார். செல்லம்மா, "அண்ணா, பாத்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிப் படுத்தாள். வண்டி கிளம்பியது. எவ்வளவு மிதித்தாலும் அன்றைக்கு வண்டி நகர மறுத்தது. வலி கூடக் கூடக் கங்கம்மாவின் குரலும் கூடியது.

"வேகமா போய்யா! அன்னைக்கி அறுபதுல போனேன்னாங்களே, இன்னைக்கி போயேன்!"

"அது கல்லு போன வேகம் அக்கா!"

ஏரிக்கரையில் ஹைவேஸ்காரர்கள் சிமெண்ட் போட்டு நட்ட புதுக் கல்லருகே தனசிங் உட்கார்ந்திருந்தார். டெம்போவைப் பார்த்ததும் பழக்கத்தில் வாட்சை அமுக்கினார். முப்பத்தாறு செகண்ட். இருபது கிலோமீட்டர். தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று எழுந்தவர், உள்ளே செல்லம்மாவின் முகத்தைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போய், லாரிகளை ஒதுக்கி வழி எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு மெதுவாக மோட்டார் சைக்கிள் ஓட்ட அவருக்கு வரவில்லை. நூறடிக்கு ஒரு தரம் காலை ஊன்றி நின்று, டெம்போ வரும்வரை காத்திருந்தாராம்.

ஆஸ்பத்திரி வாசலில் செல்லம்மாவை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோன பிறகுதான் தனசிங் மூக்கை உறிஞ்சினார்.

"என்னவே தீயுது?"

பின் சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. குப்புராஜ் உள்ளே குனிந்து பார்த்தார். ஹேண்ட் பிரேக் மேலே தூக்கியபடியே இருந்தது. பல வருஷமாகக் கல்லை எடுத்துவிட்டுக் கிளம்பிப் பழகியவருக்குப் பிரேக்கை எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பீர்க்கன்கரணையிலிருந்து தாம்பரம் வரை, ஒரு பிரசவக்காரியை வைத்துக்கொண்டு, பிரேக் போட்டபடியே ஓட்டி வந்திருக்கிறார்.

அரை மணி நேரத்தில் கங்கம்மா வெளியே வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

கங்கம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்த தனசிங், வேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்தார். குப்புராஜ் அதைப் பார்க்கவும் செய்தார்.

"அக்கா, பிரேக்க எடுக்காமலே வந்துட்டேன். அதான் லேட்டு. சக்கரம் பொகையுது, பாருங்க."

கங்கம்மா சக்கரத்தைப் பார்த்தாள். கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்று, அவள் கண்ணைத்தான் துடைத்தது.

"ஏன்யா, நீ சொல்லலேன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது அக்கா."

"அப்பறம் ஏன்யா சொல்றே?"

"நம்பி ஏறுனீங்களே."

கங்கம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வியாழக்கிழம கொயந்தய வூட்டுக்கு இட்டுக்கினு போவணும். ஒம்போது மணிக்கு வந்துடு. பிரேக்க எடுத்துட்டு வா."